சிரிப்பு அடங்கட்டும்

‘மைக்கேல் மதன காமராஜன்’ வசனங்களை ஒப்பிக்கத் தெரியாத வீடு எங்கள் உறவில் ஒன்றுகூடக் கிடையாது. சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணப் பந்தியை மூன்று தலைமுறையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லும். அந்த வசனங்களை எழுதிய கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று காலமானபோது நான் படித்த அஞ்சலிகளில் முக்கால்வாசி இந்த மாதிரி வசனங்களின் தொகுப்பாகத்தான் இருந்தன. குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வசனங்களுக்காக ஏங்கவேண்டிய அவசியமே இல்லை. போனைத் தட்டினால் வந்து நிற்கின்றன. நான் ஏங்குவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குத் திரை விலகிய சபா நாடகத்துக்கு.

மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, வாணி மஹால், நாரத கான சபா, எதுவானாலும் சரி. வருஷச் சந்தா கட்டிய மெம்பர்கள் குடும்பத்தோடு வந்து, தங்கள் வழக்கமான இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். மூடிய திரைக்குப் பின்னால் சோபாவை இழுக்கும் சத்தம் கேட்கும். திரை விலகினால் அதே நடுக்கூடம்தான்: ஒரு சோபா, டீப்பாய், கறுப்பு டெலிபோன், சுவரில் தினசரி காலண்டர், ஒரு பக்கம் வாசலுக்குப் போகும் கதவு, எதிர்ப்பக்கம் சமையலறைக்குப் போகும் கதவு. மேலேயிருந்து மைக்குகள் தொங்கும். முக்கியமான வசனம் வரும்போது நடிகர் பேச்சுவாக்கில் நகர்ந்து மைக்குக்கு அடியில் வந்து நின்றுகொள்வார். காதல், சண்டை, ஹார்ட் அட்டாக் எல்லாமே அந்த நாலடிக்குள்தான். இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்பாகவே கேன்டீனில் போண்டா போடும் வாசனை ஹாலுக்குள் வந்துவிடும். அதற்கப்புறம் கூட்டத்தைக் கட்டி உட்கார வைப்பது எழுதியவரின் சாமர்த்தியம்.

நான் நடிகன் இல்லை. பாங்கில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் குழுவில் பிராம்ப்டராக, அதாவது வசனம் மறந்தவருக்கு எடுத்துக்கொடுப்பவனாக, இருந்தேன். மேடையோர விங்கில் ஒரு ஸ்டூல், கையில் நாற்பது பக்க நோட்டு, சின்ன டார்ச். எங்கள் டைரக்டர் ஒத்திகையில் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: “சிரிப்பு அடங்கட்டும், அப்புறம் பேசு.” ஆனால் ஒத்திகையில் யார் சிரிப்பார்கள்? மொட்டை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர், அதே ஜோக்கை மாதக்கணக்காகக் கேட்டு அலுத்துப்போனவர்கள். அதனால் அவரே கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். “இங்க சிரிப்பாங்க... இன்னும் இல்ல... இன்னும் இல்ல... ம், இப்பப் பேசு!” இல்லாத சிரிப்பின் நீளத்தை அந்த மனிதர் கையாலேயே அளந்தார். மேடையேறிய அன்று அந்த அளவு அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

சீக்கிரம் பேசிவிட்டால் அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். தாமதித்தால் ஹால் ஆறிவிடும். இடைப்பட்ட அந்த மூன்று நான்கு விநாடிக்கு நடிகனுக்கு ஒரு வேலை வேண்டும். காலி டம்ளரை வாயில் வைத்துக் காபி குடிப்பான், பேப்பரை மடிப்பான், வேஷ்டியை இழுத்துக் கட்டுவான். விங்கில் இருப்பவனுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். சும்மா நிற்கிறானே, சிரிப்புக்காகக் காத்திருக்கிறானா, வசனம் மறந்துவிட்டதா? காத்திருப்பவன் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்ப்பான். மறந்தவன் விங்கைப் பார்ப்பான். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் என் பிராம்ப்டிங் ஒழுங்கானது.

இந்தக் கண்ணோடுதான் மற்றவர்களின் நாடகங்களைப் பார்க்கப் போவேன். காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், மௌலி என்று யாரையும் விட்டதில்லை. மோகனின் குழுவான கிரேஸி கிரியேஷன்ஸ் நாடகம் என்றால் இரண்டாம் தடவையும் போவேன். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’, ‘மீசை ஆனாலும் மனைவி’, ‘அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்’, ‘ஜுராஸிக் பேபி’ என்று தலைப்பிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். கதை என்று பார்த்தால் ஒரு பொய். அதை மறைக்க இன்னொரு பொய். இரண்டாவது பொய்யைக் காப்பாற்ற ஒருவர் இன்னொருவராக வேஷம் போட வேண்டியிருக்கும். வேஷம் போட்டவர் ஒரு கதவு வழியாக உள்ளே போகும்போது அசல் ஆள் மற்றக் கதவு வழியாக வருவார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸை மந்தைவெளியில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் குடிவைத்த மாதிரி. நடுவில் மாது. மோகனின் தம்பி பாலாஜி அந்தப் பாத்திரத்தில் நின்று நின்று மாது பாலாஜியாகவே ஆகிவிட்டார். கதாநாயகி என்றால் ஜானகி. பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயரை மோகன் தன் நாயகிகளுக்கெல்லாம் வைத்தார் என்பது சபாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தப் பெயரை முதல் தடவை மேடையில் யாராவது கூப்பிட்டதும் ஹாலில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பும். அங்கே ஜோக் எதுவும் இருக்காது. தெரிந்தவரைத் தெருவில் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான்.

அந்த ஹாலில் சிரிப்பு ஒரே சமயத்தில் வராது. முன்வரிசை முதலில் சிரிக்கும். பால்கனி அரை விநாடி தள்ளி. காது மந்தமான மனைவிக்கு ஜோக்கை எடுத்துச் சொல்லும் ஒரு பெரியவர் எல்லா ஷோவிலும் எங்காவது இருப்பார். அந்த மாமி எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பார். அந்தத் தனிச் சிரிப்புக்கு மறுபடியும் ஹாலே சிரிக்கும். மேடையில் நிற்பவர்கள் இதற்கும் சேர்த்துக் காத்திருப்பார்கள். மோகன் எழுத்தில் நான் கவனித்தது இது: பெரிய வெடிச்சிரிப்புக்கு அடுத்து அவர் வைக்கும் வரி பெரும்பாலும் வெறும் வரி. “அப்படியா சார்?”, “உட்காருங்கோ”, “காபி சாப்பிடறேளா?” என்கிற ரகம். காதில் விழாவிட்டாலும் நஷ்டமில்லை. அதைத் தாண்டி நாலாவது வரியில் அடுத்த ஜோக் இருக்கும். வேண்டுமென்று செய்தாரா, மேடையிலேயே கிடந்த கை தானாக அப்படி எழுதியதா, எனக்குத் தெரியாது. விங்கில் உட்கார்ந்தவனுக்கு அந்த இடைவெளிகள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இந்த நாடகங்களைத் ‘துணுக்குத் தோரணம்’ என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ஓரளவு நியாயம்தான். ஜானகிகளுக்குப் பெயர் இருந்த அளவு வேலை இருக்கவில்லை. கதையை வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல முயன்றால் வாயில் நிற்காது. அதே சபாக்களில்தான் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறி ஆளை உலுக்கியது. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருக்கிறேன். இரண்டும் ஒரே சந்தாவில் கிடைத்தன. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன. துணுக்குத் தோரணம் கட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள், ஒரு பக்கத்துக்குப் பத்து இடத்தில் எண்ணூறு பேரைச் சேர்ந்து சிரிக்க வைக்க ஒருதரம் முயன்று பார்க்கலாம். எங்கள் குழு முயன்றது. பலன் அநேகமாகப் பத்துக்கு இரண்டு.

மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றுக்கு ‘கிரேட் பேங்க் ராபரி’ எழுதினார்; பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் கமல்ஹாசன். பிற்பாடு இருவரும் சேர்ந்து செய்த படங்களை நினைத்தால், இதை ஒரு நாடகத்தில் வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். படிப்பு முடிந்து சுந்தரம் க்ளேட்டனில் வேலை. 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதிக் கொடுத்தார். நாடகம் ஓடிய ஓட்டத்தில் தலைப்பின் முதல் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு. 1983இல் பாலசந்தர் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். பிறகு வேலையை விட்டார், எழுத்தே தொழில்.

1989 சித்திரைப் புத்தாண்டுக்கு மோகன் வசனத்தில் ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தது. குள்ள அப்புவாக வந்த கமலைப் பார்க்கத்தான் எல்லோரும் போனார்கள், நானும்தான். ஆனால் ஜனகராஜ் இன்ஸ்பெக்டராகவும் ஆர்.எஸ்.சிவாஜி கான்ஸ்டபிளாகவும் வந்த காட்சிகளில் என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தடயத்தையும் தப்பாகத் துப்பறிவார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிள் மெய்மறந்து புகழ்வார். சினிமாவில் நடிகன் காத்திருக்க முடியாது. பிலிம் ஓடிக்கொண்டே இருக்கும், எந்த ஊர்த் தியேட்டரில் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று எடிட்டருக்குத் தெரியாது. அதற்கு மோகன் கண்டுபிடித்த வழி அந்தக் கான்ஸ்டபிள் என்று அன்றே எனக்குப் பட்டது. அவர் புகழும் நேரம்தான் நாம் சிரிக்கும் நேரம். சிரிப்பில் அந்தப் புகழ்ச்சி காதில் விழாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் போதும். சபாவில் காலி டம்ளர் செய்த வேலையை வெள்ளித்திரையில் ஒரு மனிதர் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனிடம் இதை விளக்கப் போய், படம் பார்க்க விடு என்று திட்டு வாங்கினேன்.

மறு வருஷம் தீபாவளிக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’. இரண்டு படத்துக்கும் இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். கமல் நாலு பேர், கதவுகள் ஏராளம், யார் யாரென்று யாருக்கும் தெரியாது. சபா நாடகத்தின் நடுக்கூடம் அப்படியே ஒரு மலை உச்சி வீடு வரைக்கும் நீண்ட படம். இங்கே மோகன் காத்திருப்பதை அடியோடு விட்டுவிட்டார். ஒரு ஜோக்குக்குத் தியேட்டர் சிரிக்கும்போது அடுத்தடுத்து இரண்டு போய்விடும். விட்டுப்போனதைக் கேட்கவே திரும்பத் தியேட்டருக்குப் போனவர்கள் உண்டு. முதல் தடவை கூட்டத்தோடு சிரிக்க, அடுத்த தடவை காது கொடுத்துக் கேட்க. ‘பஞ்சதந்திரம்’ 2002இல் வந்தபோது இந்த அடர்த்தி இன்னும் கூடிவிட்டது. நண்பர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். வீட்டில் டிவியில் பார்த்துப் பார்த்து இந்தத் தலைமுறை அதைக் கொண்டாடுகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது. ‘சதிலீலாவதி’யில் கோவைத் தமிழுக்கு நடுவே விட்டிருந்த காற்றோட்டம் எனக்குப் பிடிக்கும், ‘அவ்வை சண்முகி’யின் குழப்பங்களும் பிடிக்கும், கதையின் வேர் ஹாலிவுட்டில் இருந்தாலும் மாமி மயிலாப்பூர்தான்.

சொல்ல வந்த விஷயம் வேறு. மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் நம் ஊரில் ஏராளம். அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.எஸ்.) ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து நாடகம் போட்ட பாலசந்தர், ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ என்று மேடையில் ஓடியதையெல்லாம் சினிமாவுக்குக் கொடுத்தார். பிறகு அவரும் அங்கேயே தங்கிவிட்டார். மௌலி போனார், விசு போனார். தப்பென்று சொல்ல முடியுமா? இரவு முழுக்க ஒத்திகை பார்த்து, செட் வாடகைக்கும் மேக்கப்மேனுக்கும் கொடுத்தது போக டாக்ஸிக் காசு மிஞ்சினால் பெரிது. ஆனால் ஒவ்வொருவர் போனபோதும் சபாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியானது. மோகனும் போனார். ‘மகளிர் மட்டும்’, ‘அருணாச்சலம்’, ‘காதலா காதலா’, ‘தெனாலி’, ‘பம்மல் கே.சம்பந்தம்’, ‘வசூல்ராஜா’ என்று வரிசையாக எழுதினார். நாடகத்தை மட்டும் அவர் விடவில்லை. கோடம்பாக்கத்தில் கொடிகட்டிப் பறந்த வருஷங்களிலும் அதே குழு, அதே மாது, பேப்பரில் அதே சின்ன விளம்பரம். 2008இல்கூட ‘சாக்லேட் கிருஷ்ணா’ என்று புது நாடகம் போட்டு, தானே கிருஷ்ணராக வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நடுவில் ரமணர் மேல் வெண்பா எழுதுவார், படம் வரைவார். வெற்றி பெற்ற சினிமாக்காரர் எதற்கு ஒரு சபா மேடையின் வெளிச்சத்தில் வேர்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். விங்கில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வி எழாது. சினிமாவில் எழுதியதற்கு வந்த சிரிப்பை எழுதியவர் கேட்பதற்குப் பல மாதம் ஆகும். மேடையில் அப்போதே கேட்கும், அளந்துகொள்ளலாம், மறுநாள் ஷோவுக்கு ஒரு வரியை வெட்டலாம்.

சபா நாடகம் தேய்ந்ததற்கு டிவியைக் குற்றம் சொல்வது வழக்கம். 1975இல் சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது, தொண்ணூறுகளில் சீரியல்கள் வந்தன, மாமிகள் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அது முழுக்கச் சரியென்று படவில்லை. பார்ப்பவர்கள் குறைவதற்கு முன்னால் நடிப்பவர்களுக்கு நேரம் குறைந்துவிட்டது. அமெச்சூர் நாடகத்தைத் தாங்கியது ஆபீஸ் விடும் ஐந்தரை மணி. பாங்க், ஏ.ஜி.எஸ்., டெலிபோன்ஸ், ரயில்வே எல்லாவற்றிலும் வேலை அந்த நேரத்துக்கு முடியும். பஸ் பிடித்தால் ஆறரைக்கு ஒத்திகை. ரிகிரியேஷன் கிளப் என்று ஒரு அறை, அதில் ஒரு பழைய ஹார்மோனியம், இரண்டு கேரம் போர்டு. எங்கள் குழுவின் கதாநாயகனே கேஷ் கவுண்டர்காரர். மாதத்தின் முதல் வாரத்தில் அவருக்கு ஒத்திகை கிடையாது, கணக்கு முடிய இருட்டிவிடும். இன்றைக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் பையனுக்கு ஆறரை மணிக்குத்தான் அமெரிக்காக்காரன் எழுந்து உட்கார்ந்து மீட்டிங் போடுகிறான். அவனை எப்படி மொட்டை மாடிக்குக் கூப்பிடுவது?

எனக்கும் மாற்றல் வந்தது. நாக்பூர், அப்புறம் இந்தூர், கடைசியில் பிள்ளையோடு புனே. வடக்கே தமிழ்ச் சங்கங்கள் எப்போதாவது ஒரு நாடகத்தை வரவழைக்கும். போவேன். நல்ல கூட்டம் வரும், நன்றாகவும் சிரிப்பார்கள். இருந்தாலும் அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் வீட்டுக்குள் பேசும் மொழி மட்டும். ஜோக் போய்ச் சேர ஒரு விநாடி அதிகம் ஆகும். மேடையில் இருப்பவர்கள் சென்னைக் கணக்கில் பேசிக்கொண்டு போய்விடுவார்கள், சிரிப்பு பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். முதல் அங்கம் முழுக்க இப்படி இழுபறியாக இருக்கும். இடைவேளைக்கு அப்புறம் நடிகர்கள் ஹாலைப் பிடித்துக்கொள்வார்கள். டம்ளர் இன்னும் கொஞ்ச நேரம் வாயிலேயே இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் திருப்தியைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் புரியாது என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை.

மோகன் போன பிறகும் மாது பாலாஜி குழுவை விட்டுவிடவில்லை. சென்னை போகும்போது ஞாயிறு பேப்பரில் இன்றைய நிகழ்ச்சிகள் பத்தியை இன்னும் பார்க்கிறேன்; நான் போகிற ஞாயிறுகளில் அநேகமாக எதுவும் சிக்குவதில்லை.

பேரனுக்கு ஒருநாள் பழைய நாடகப் பதிவு ஒன்றை யூடியூபில் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் பார்த்தான். பிறகு, என்னைக் கேட்காமலே, வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினான்.

“ஏண்டா?”

“நடு நடுவுல சும்மா நிக்கறாங்க தாத்தா.”

“சும்மா நிக்கலைடா. ஜனங்க சிரிச்சு முடிக்கட்டும்னு நிக்கறாங்க.”

“எல்லாரும் ஒண்ணாத்தானே சிரிப்பாங்க? அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?”

முன்வரிசை, பால்கனி, காது கேட்காத மாமி என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். மாமி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். “அந்தப் பாட்டி இதுல இருக்காங்களா?” என்றான். இருந்தாலும் இருக்கலாம், வேகத்தைக் குறைத்தால் கேட்கும் என்றேன். குறைத்தான்.